மீந்த பீட்சாவை அடியிலிருந்து சூடாக்க வேண்டும்

முந்தின இரவு வாங்கிய பீட்சாவில் மூன்று நான்கு துண்டுகள் மீந்து ஃபிரிட்ஜில் இருக்கின்றன. மைக்ரோவேவில் வைத்தால் எடுத்தவுடன் நமுத்துக் கிடக்கிறது, சற்று ஆறினால் பல்லால் இழுத்துக் கடிக்க வேண்டியிருக்கிறது. வீட்டிலேயே இதற்கு நல்ல வழி உண்டா என்பது கேள்வி. உண்டு. ஒன்று முதல் மூன்று துண்டுகள் வரை என்றால், கனமான தவாவில் குறைந்த தீயில் முதலில் திறந்து வைத்தும், பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டு மூடியும் சூடாக்குவதே மற்ற எல்லா வழிகளையும்விடச் சிறந்தது. அதற்கு மேற்பட்ட துண்டுகளுக்கு ஓவன் வேண்டும். ஏர் ஃபிரையரை இவ்விரண்டுக்கும் அடுத்த இடத்தில் வைப்பேன். மைக்ரோவேவைத் தனியாக நம்பக் கூடாது என்றாலும், அதற்கும் ஒரு துணைவேலை இருக்கிறது. இந்த வரிசை ஏன் இப்படி அமைகிறது என்று தெரிந்துகொண்டால், வீட்டில் எந்தச் சாதனம் இருந்தாலும் அதற்கேற்ப நீங்களே முறையை வகுத்துக்கொள்ளலாம் என்பதால், காரணங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ரொட்டி பழையதாகி விறைத்துப்போவது அதிலுள்ள ஈரம் உலர்ந்துவிடுவதால்தான் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பிரெஞ்சு வேதியியலாளர் ழான் பப்தீஸ்த் பூசாங்கோ, ஈரம் வெளியேற வழியில்லாதபடி அடைத்து வைத்த ரொட்டியும் விறைத்துப்போகிறது என்பதையும், அதைச் சுமார் 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் மறுபடி மென்மையாகிறது என்பதையும் 1852ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார். மாவு வேகும்போது தண்ணீரை உறிஞ்சி உப்பிக் குழைந்த ஸ்டார்ச் மூலக்கூறுகள், ஆறிய பிறகு மெல்ல மெல்ல ஒன்றோடொன்று நெருங்கி, படிகங்களாக இறுகிக்கொள்கின்றன. இந்த இறுக்கம் அறை வெப்பத்தைவிட ஃபிரிட்ஜின் குளிரில் வேகமாக நடக்கிறது. உறைபெட்டியின் கடுங்குளிரில் ஏறக்குறைய நின்றே விடுகிறது. ஃபிரிட்ஜில் வைத்த சாதம் விறைத்து, பருக்கை பருக்கையாக உதிர்வதும் இதே காரணத்தால்தான். ஆகவே, பழைய பீட்சாவின் ரொட்டியை மீட்பது இயலாத காரியம் இல்லை; அதன் உள்பகுதி முழுவதும் 60 டிகிரியைத் தாண்டினால் போதும், பெரும்பகுதி மென்மை திரும்பிவிடும்.

ஆனால் பீட்சாவுக்கு மென்மை மட்டும் போதாது. இரவு முழுவதும் தக்காளிச் சாற்றின் ஈரம் கீழே ரொட்டிக்குள் இறங்கியிருக்கும். பெட்டியில் அடைந்து வந்த ஆவியும் அடிப்பரப்பை நனைத்திருக்கும். மொறுமொறுப்பு திரும்ப வேண்டுமானால், அடியில் உள்ள மெல்லிய படலம் தன் ஈரத்தை இழந்து 100 டிகிரிக்கு மேலே போக வேண்டும். இதற்கு வேண்டியது உலர்ந்த சூடு. மேலே இருக்கும் சீஸோ இதற்கு நேர்மாறான சுபாவம் உடையது. பீட்சாவில் போடும் மொசரெல்லா சீஸின் கொழுப்பு உடல்சூட்டுக்கு அருகிலேயே உருகிவிடுகிறது. அதன் புரத வலை 60 டிகிரியை ஒட்டி நெகிழ்ந்து, இழுத்தால் நூலாக வரும் பதத்தை அடைகிறது. அதற்கு மேல் நெடுநேரம் சூடேற்றினால் புரதம் சுருங்கி, உள்ளேயிருந்த நீரையும் எண்ணெயையும் வெளியே பிழிந்துவிடும். மேலே எண்ணெய் குட்டை கட்டி நிற்க, அடியில் சீஸ் வறண்ட தோலாகக் கிடப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அடிக்கு உலர்ந்த, சற்றுக் கடுமையான சூடு, மேலே ஈரமான, மிதமான சூடு என்று இரண்டையும் ஒரே சமயத்தில் தர வல்லது எதுவோ அதுவே நல்ல முறை. தவா முதலிடம் பெறுவது இந்த ஒரு கணக்கினால்தான்.

தவா முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இதில் பதம் தவறினால் அடி கருகி நடு குளிர்ந்தே இருக்கும். கனமான அடியுள்ள நான்ஸ்டிக் தவாவோ வார்ப்பிரும்புப் பாத்திரமோ எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயோ வெண்ணெயோ தடவ வேண்டாம். ரொட்டியில் ஏற்கெனவே இருக்கும் எண்ணெயே சூட்டில் கசிந்து போதுமான அளவுக்கு வரும். தோசைக்கு நாம் தண்ணீர் தெளித்துப் பார்க்கும்போது அது சுரீரென்று பொரிந்து மறைய வேண்டும். பீட்சாவுக்கு அவ்வளவு சூடு ஆகாது, தெளித்த துளி நிதானமாகக் குமிழிட்டுக் காய்ந்தால் போதும். அந்தப் பதத்தில் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் வைத்து, தீயைச் சிறியதற்கும் மிதமானதற்கும் இடையில் நிறுத்தி, மூடாமல் விடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்த துண்டு முதல் ஒரு நிமிடம் சத்தமே காட்டாது. பிறகு அடியிலிருந்து மெல்லிய சீறல் கேட்கத் தொடங்கும். ரொட்டிக்குள் இறங்கியிருந்த ஈரம் ஆவியாகி வெளியேறும் ஓசை அது. அந்தச் சீறல் தணிந்து வரும்போது, ஏறக்குறைய மூன்று நான்கு நிமிடங்களில், தோசைத்திருப்பியால் ஒரு துண்டின் அகன்ற விளிம்பைத் தூக்கிப் பாருங்கள். கூர்நுனி தொங்காமல் துண்டு முழுவதும் பலகையாக எழும்பினால் அடி தயார். நிறம் முன்பிருந்ததைவிடச் சற்றே ஆழ்ந்திருக்கலாம். கரும்புள்ளிகள் பெருகியிருந்தால் தீ அதிகம் என்று பொருள்.

அடுத்து வருவது தண்ணீர். அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். துண்டுகள் இல்லாத வெற்றிடத்தில், துண்டின் அடிக்கு ஓடிப் போகாதபடி அதை விட்டு, உடனே மூடி, தீயை இருப்பதிலேயே சிறியதாக்குங்கள். கிளம்பும் ஆவி குளிர்ந்த சீஸின் மேல் படிந்து தன் வெப்பத்தை அதற்குக் கொடுக்கிறது. ஆவியின் சூடு 100 டிகிரியோடு நின்றுவிடுவதால், ஓவனின் சிவந்த கம்பிக்கு அடியில் நடப்பதுபோல் சீஸ் திடீரென்று கருகும் பேச்சே இல்லை. ஒன்றரை நிமிடத்தில் சீஸ் பளபளத்து ஓரங்களில் நெகிழத் தொடங்கும். கண்ணாடி மூடி இருந்தால் இதைத் திறக்காமலேயே பார்க்கலாம். மூடியை எடுக்கும்போது நேராக மேலே தூக்காமல், உள்பக்கம் கோத்து நிற்கும் நீர்த்துளிகள் பீட்சாவின் மேல் சிந்தாதபடி சாய்த்து எடுக்க வேண்டும். அதன்பின் அரை நிமிடம் திறந்தே அடுப்பில் வைத்து, மிச்ச ஆவியைப் போக்கிவிட்டு இறக்குங்கள். இறக்கியதும் எவர்சில்வர் தட்டில் வைத்தால், சூடான அடிக்கும் குளிர்ந்த தட்டுக்கும் நடுவே வியர்த்து, பாடுபட்டு வரவழைத்த மொறுமொறுப்பு ஒரு நிமிடத்தில் நமுத்துவிடும். கேக் ஆறவைக்கும் கம்பித்தட்டு நல்லது. இல்லாவிட்டால் மரப்பலகை போதும்.

இரும்புத் தோசைக்கல்லில் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகச் செய்யலாம், ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கல் கனமானது, ஒருமுறை காய்ந்துவிட்டால் தீயைத் தணித்தாலும் அதன் சூடு சட்டென்று இறங்காது. ஆகவே தோசைக்குக் காய்ச்சும் அளவில் பாதிகூடக் காயவிடாமல், தொடக்கத்திலிருந்தே சிறு தீயில் வைக்க வேண்டும். இரண்டாவது, தட்டையான கல்லுக்குப் பொருந்தும் மூடி பெரும்பாலும் வீட்டில் இருக்காது. ஊத்தப்பத்துக்கு மூடும் குழிந்த மூடியோ, கவிழ்த்த எவர்சில்வர் பாத்திரமோ அந்த வேலையைச் செய்யும். எரிவாயு அடுப்பில் தீநாக்கு வட்டமாகப் படுவதால் கல்லின் ஒரு வளையம் மட்டும் அதிகமாகக் காயும். துண்டுகளைக் கவிழ்க்காமல், இடையில் ஒருமுறை சுழற்றி வைத்தால் சூடு சமமாகும். மெல்லிய அலுமினியத் தவா இந்த வேலைக்கு உதவாது. நான்ஸ்டிக் பாத்திரத்தை வெறுமையாக நெடுநேரம் காயவிடுவதும் கூடாது. 260 டிகிரியைத் தாண்டினால் அதன் பூச்சு சிதையத் தொடங்குகிறது, பெரிய தீயில் வெறும் தவா அந்தச் சூட்டை எட்ட அதிக நேரம் பிடிக்காது.

ஓவனைப் பற்றிப் பேசும்போது நியூயார்க் நகரத்தை நினைத்துக்கொள்வது பொருத்தம். அங்கே துண்டாக விற்கும் கடைகளில், முழுப் பீட்சாக்களை முன்கூட்டியே சுட்டு மேசையில் வைத்திருப்பார்கள். வாடிக்கையாளர் கேட்டதும் ஒரு துண்டை வெட்டி, 260 டிகிரிக்குக் குறையாமல் காய்ந்திருக்கும் அடுக்கு ஓவனின் கல்தளத்தில் நேரடியாக வைத்து, சில நிமிடங்களில் எடுத்துத் தருவார்கள். உலகமே மெச்சும் அந்தத் துண்டு இரண்டாம் முறை சூடேறியதுதான். ரோமாபுரியில் செவ்வகத் தட்டில் சுட்டு, வெட்டி விற்கும் பீட்சாவும் பெரும்பாலும் அப்படியே. ஆகவே மறுபடி சூடாக்கிய பீட்சா என்றாலே மட்டம் என்று எண்ண வேண்டியதில்லை. அங்கே வெற்றி தருவது, ஏற்கெனவே நன்றாகக் காய்ந்த ஒரு கனத்த தளத்தின் மேல் துண்டின் அடி நேரடியாகப் படுவது. வீட்டு ஓவனிலும், ஓ.டி.ஜி. என்னும் மேசை ஓவனிலும் நாம் செய்ய வேண்டியதும் அதே வேலைதான். வெறும் தட்டில் பீட்சாவை வைத்துத் தட்டோடு உள்ளே தள்ளினால், தட்டு காய்வதற்குள் மேலே சீஸ் வறண்டுவிடும். தட்டையோ பீட்சாக் கல்லையோ உள்ளேயே வைத்து, 200 டிகிரியில் பதினைந்து நிமிடம் காயவிட்டு, பிறகு துண்டுகளை அதன் மேல் வைத்தால் ஆறேழு நிமிடங்களில் வேலை முடியும். ஓ.டி.ஜி.யில் மேல்கம்பிக்கும் கீழ்க்கம்பிக்கும் தனித்தனியாக விசை இருந்தால், முதல் நான்கு நிமிடம் கீழ்க்கம்பி மட்டும், கடைசி இரண்டு நிமிடம் இரண்டும் என்று வைப்பது நலம். சிறிய ஓ.டி.ஜி.க்களில் மேல்கம்பி சீஸுக்கு மிக அருகில் இருப்பதால் தட்டைக் கீழ்த்தட்டிலேயே வைக்க வேண்டும்.

பீட்சா வந்த அட்டைப்பெட்டியோடு ஓவனில் வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அட்டை தீப்பற்றக் கூடியது. ஓவனின் கம்பியில் பட்டால் சொல்லவே வேண்டாம். இதில் சமாதானத்துக்கே இடமில்லை.

தடித்த பான் பீட்சாவுக்குக் கணக்கு மாறும். உள்ளே ரொட்டி இரண்டு விரற்கடை தடிமன் என்றால், அடி மொறுமொறுப்பாகும் நேரத்துக்குள் நடுப்பகுதி 60 டிகிரியை எட்டாது. ஓவனில் சூட்டை 170 அல்லது 175 டிகிரிக்குக் குறைத்து, அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிப் பத்து நிமிடமும், தாளை எடுத்துவிட்டு ஐந்து நிமிடமும் வைப்பது இதற்கு ஏற்றது. பொறுமை உள்ளவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: துண்டுகளைத் தட்டில் அடுக்கி, தாளால் இறுக்க மூடி, காயாத ஓவனின் கீழ்த்தட்டில் வைத்து, 135 டிகிரிக்குத் திருப்பி, இருபத்தைந்து முதல் முப்பது நிமிடம் விட்டுவிடுவது. தட்டு மெதுவாகச் சூடேறும்போது துண்டின் சொந்த ஈரமே தாளுக்குள் ஆவியாக நின்று ரொட்டியை மென்மையாக்குகிறது. அடி நேரடியாகத் தட்டில் இருப்பதால் கடைசியில் முறுகிவிடுகிறது. பெரிய குடும்பத்துக்கு ஒரே தடவையில் எட்டுத் துண்டுகளைச் சூடாக்க இதைவிட நிம்மதியான முறை கிடையாது. மின்சாரச் செலவு கூடுதல்தான். ஒரே ஒரு துண்டுக்காக ஓவனை அரைமணி நேரம் ஓட்டுவது வீண்.

எந்தப் பீட்சா என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. 1996ஆம் ஆண்டில் டோமினோஸும் பீட்சா ஹட்டும் இந்தியாவில் கடை திறந்ததிலிருந்து நம் நாவுக்குப் பழகியிருப்பது எண்ணெயும் சிறிது சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்த ரொட்டி. அது மீண்டும் சூடேற்றுவதை நன்றாகவே தாங்கும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரப் பாணிப் பீட்சா அப்படி இல்லை. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் ஆகியவற்றை மட்டும் கொண்டு பிசைந்து, 430 டிகிரியைத் தாண்டிய விறகு அடுப்பில் 60 முதல் 90 விநாடிக்குள் சுட்டு எடுப்பது அது. ஈரமாகவும் மிருதுவாகவும் இருப்பதே அதன் இயல்பு. மறுநாள் அதன் ஓரம் வார்போல இழுபடும். அப்படிப்பட்ட துண்டை மீட்பதற்குச் சூடான தவாவில் மிகக் குறைந்த நேரம் வைத்து, ஓரங்களில் விரலால் தண்ணீர் தொட்டுத் தடவி, மூடி எடுப்பது ஓரளவுக்கு உதவும். முதல் நாள் சுவை வராது என்பதை ஒப்புக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான். மெல்லிய, முறுகலான ரொட்டியுள்ள பீட்சாவுக்குத் தண்ணீரே விட வேண்டாம்; திறந்த தவாவில் இரண்டு நிமிடம், தண்ணீரில்லாமல் மூடி ஒரு நிமிடம் போதும். ஓரத்திலோ நடுவிலோ திரவச் சீஸ் அடைத்த வகைகளை மிகச் சிறு தீயில்தான் வைக்க வேண்டும். சூடு கூடினால் ரொட்டி விரிந்து சீஸ் தவாவில் கொட்டிவிடும், அது கருகும் நாற்றம் சமையலறையை விட்டு எளிதில் போகாது.

ஏர் ஃபிரையர் என்பது விசிறி வைத்த சிறு ஓவன்தான். 160 அல்லது 170 டிகிரியில் மூன்று நான்கு நிமிடம் வைத்தால், கூடையின் துளைகள் வழியே அனல் காற்று அடியையும் தொடுவதால் அடி நன்றாகவே முறுகும். அதன் குறை மேற்பகுதியில் இருக்கிறது. காற்று வேகமாக வீசுவதால் சீஸும் ரொட்டியின் ஓரமும் உலர்ந்துபோகும்; மெல்லிய வெங்காயத் துண்டுகளும் துளசிவகை இலைகளும் பறந்து கம்பியில் ஒட்டிக் கருகும். ஆகவே அதன் செய்முறைப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் 190, 200 டிகிரிக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் சூட்டைக் குறைப்பதும், துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் வைப்பதும், இரண்டு நிமிடத்தில் ஒருமுறை திறந்து பார்ப்பதும் அவசியம். பேக்கிங் தாள் போடுவதானால் அதன் மேல் பீட்சா இருக்கும்போது மட்டும் போடுங்கள். வெறும் தாளோடு முன்கூட்டிக் காயவைத்தால் அது பறந்து கம்பியில் பட்டுத் தீப்பிடிக்கலாம். ஒரு துண்டு, இரண்டு துண்டு, அவசரம், அடுப்படியில் நிற்க நேரமில்லை என்றால் ஏர் ஃபிரையர் நல்ல தேர்வு.

இனி மைக்ரோவேவ். அதன் அலைகள் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அதிரச் செய்து சூடாக்குகின்றன. பெட்டிக்குள் இருக்கும் காற்று அநேகமாகக் குளிர்ந்தே இருக்கிறது. இதனால் துண்டுக்குள்ளிருந்து கிளம்பும் ஆவி வெளிப்பரப்பில் குளிர்ந்து நீராகிறது. அடியில் தட்டோடு ஒட்டிய இடத்தில் போக வழியில்லாமல் தேங்குகிறது. உலர வேண்டிய அடிப்பரப்பு இப்படித்தான் நனைகிறது. அதே சமயம் ரொட்டியின் ஓரங்கள் மளமளவென்று ஈரத்தை இழக்கின்றன. ஈரம் குறைந்த அந்த ரொட்டி ஆறத் தொடங்கியதும், குழைந்திருந்த ஸ்டார்ச் முன்பைவிடக் கெட்டியாக இறுகுகிறது. எடுத்த கையோடு சாப்பிடுகிறவருக்குக் குறை தெரியாமல், தொலைபேசியில் பேசிவிட்டு வந்து உட்காருகிறவருக்கு மட்டும் ரப்பராகக் கடிபடுவதன் காரணம் இதுதான். ஒரு கோப்பைத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தத் தண்ணீர் அலைகளின் ஒரு பகுதியைத் தானே உறிஞ்சிக்கொள்வதால் பீட்சா மெதுவாகச் சூடேறுகிறது. பயன் உண்டு, ஆனால் ஆற்றலைப் பாதியாகக் குறைத்து வைத்தாலும் அதே பயன் கிடைக்கும். அடியை மொறுமொறுப்பாக்கும் வல்லமை இரண்டுக்கும் இல்லை.

மைக்ரோவேவின் துணைவேலை என்று முதலில் குறிப்பிட்டது இதைத்தான்: தடித்த துண்டை ஐம்பது சதவீத ஆற்றலில் முப்பது விநாடி மட்டும் வைத்து, உள்ளிருக்கும் குளிரைப் போக்கி, உடனே காய்ந்த தவாவுக்கு மாற்றி, இரண்டு நிமிடம் திறந்து வைத்து அடியை முறுக வைப்பது. உட்பகுதியை மைக்ரோவேவும் அடியைத் தவாவும் பார்த்துக்கொள்வதால், தவாவில் மட்டும் எட்டு நிமிடம் பிடிக்கும் வேலை மூன்று நிமிடத்தில் முடிகிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் வாங்கும், விசிறியால் அனல் காற்றைச் சுழற்றும் கன்வெக்‌ஷன் வகை மைக்ரோவேவ் இருந்தால், கன்வெக்‌ஷன் நிலைக்கு மாற்றி, அதனுடன் தந்த உயரம் குறைந்த கம்பித்தாங்கியை வைத்து 180 டிகிரியில் ஓவனாகவே பயன்படுத்தலாம். அலை நிலையில் அந்தக் கம்பித்தாங்கியையோ அலுமினியத் தாளையோ உள்ளே விட்டுவிடாமல் இருக்க வேண்டும்.

மேலே தூவியிருக்கும் பொருள்களுக்கும் சிறிது கவனம் தேவை. பனீர் எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது. உலர்ந்த சூட்டில் விறைத்துக்கொண்டே போகும் என்பதால், பனீர் துண்டுகளைச் சீஸுக்குள் லேசாக அழுத்திவிட்டு, மூடி வைக்கும் கட்டத்தை அரை நிமிடம் நீட்டுவது நல்லது. காளானும் தக்காளியும் சூடேறும்போது தாமே தண்ணீர் விடும். அவை நிறைய இருந்தால் தவாவில் தனியாகத் தண்ணீர் சேர்க்க வேண்டாம். பச்சை இலைகளையும் மேலே ஊற்றிய மயோனைஸ் வகைக் குழம்புகளையும் சூடாக்கும் முன் எடுத்துவிட்டுப் பிறகு புதிதாகச் சேர்க்கலாம். கோழி, இறைச்சி, இறால் இருக்கும் துண்டுகளை வெதுவெதுப்பாக்கி நிறுத்திவிடக் கூடாது. நடுப்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறை மீந்த உணவுக்குச் சொல்லும் அளவு. வெப்பமானி இல்லாதவர்கள், நடுவிலிருக்கும் இறைச்சித் துண்டைப் பிட்டால் ஆவி வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால், சூடாக்கும் முறையைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இரவு முழுவதும் மேசையில் கிடந்த பீட்சாவை எந்த முறையிலும் மீட்க முடியாது. சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் அது ஒரு மணி நேரமாகக் குறைகிறது என்றும் அதே துறை சொல்கிறது. சென்னையிலோ மதுரையிலோ ஆண்டின் பெரும்பகுதிக்கு அந்த ஒரு மணி நேரக் கணக்குதான் பொருந்தும். நன்றாகச் சூடாக்கினால் கிருமி செத்துவிடுமே என்ற வாதம் பாதிதான் சரி. ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா உணவில் பெருகும்போது விட்டுச்செல்லும் நச்சு, கொதிநிலையையும் தாங்கி நிற்கக் கூடியது. கிருமி செத்த பிறகும் நச்சு இருக்கும், வாசனையிலோ நிறத்திலோ எதுவும் தெரியாது. பீட்சாத் துண்டை எடுத்துத் தருவது வெறுங்கை என்பதையும், அந்தப் பாக்டீரியா மனிதத் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகவே வாழ்வது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சிக்கனம் கருதி அதைத் தின்னும் எண்ணம் வராது.

எனவே சாப்பிட்டு முடித்ததும் மீந்ததை உடனே எடுத்துவைப்பது நல்லது. அட்டைப்பெட்டியோடு ஃபிரிட்ஜில் தள்ளாதீர்கள். அட்டை ஈரத்தை உறிஞ்சும், காற்றை உள்ளே விடும். காலையில் ரொட்டி காய்ந்தும், பக்கத்திலிருந்த மீன்குழம்பின் வாசனையோடும் இருக்கும். ஆவி அடங்கும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் திறந்து வைத்து, பிறகு காற்றுப்புகாத டப்பாவில், இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஒரு பட்டர் பேப்பர் போட்டு அடுக்கி மூடினால், சீஸ் மேல்துண்டின் அடியில் ஒட்டிக்கொள்ளாது. ஈரமும் டப்பாவுக்குள்ளேயே நிற்கும். சூடாக இருக்கும்போதே மூடினால் உள்ளே வியர்த்து, மறுநாள் எந்தத் தவாவாலும் உலர்த்த முடியாத அளவுக்கு அடி ஊறிப்போகும். இப்படி வைத்தது மூன்று நான்கு நாள் இருக்கும். அதில் குளிர்ந்த துண்டை அப்படியே தின்ன விரும்புகிறவர்கள் தின்னலாம், தவறொன்றும் இல்லை. வேண்டிய துண்டுகளை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள். ஒவ்வொரு தடவையும் ரொட்டி ஈரத்தை இழப்பதால், ஒருமுறை சூடாக்கி மீந்ததை மறுபடி உள்ளே வைப்பதில் சுவையும் இல்லை, பத்திரமும் இல்லை.

நான்கு நாளுக்குள் தீராது என்று முதலிலேயே தெரிந்தால், ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைத்துவிட்டுப் பிறகு உறைபெட்டிக்கு மாற்றாமல், அன்றிரவே உறைய வைத்துவிடுங்கள். ரொட்டி விறைப்பது ஃபிரிட்ஜின் குளிரில்தான் வேகம் என்பதை மேலே பார்த்தோம். துண்டுகளைத் தட்டில் தனித்தனியாகப் பரப்பி ஒரு மணி நேரம் கெட்டியாக்கி, பிறகு ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் காற்றில்லாமல் சுற்றி, ஒரே பையில் போட்டு வைத்தால் ஒரு மாதம், இரண்டு மாதம் வரை சுவை கெடாது. உறைந்த துண்டைச் சமையல் மேடையில் வைத்து உருகவிட வேண்டாம். உறையை நீக்கிவிட்டு நேராக, காய்ந்த தட்டு இருக்கும் 180 டிகிரி ஓவனில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வைக்கலாம். தவா மட்டுமே உள்ளவர்கள் முந்தின இரவே அதை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் சாதாரணத் துண்டைப் போலவே சூடாக்கலாம். உருகும்போது சீஸ் சற்று நீர் விட்டிருக்கும் என்பதால், திறந்து வைக்கும் நேரத்தை ஒரு நிமிடம் கூட்டி, தண்ணீர் விடும் கட்டத்தை விட்டுவிடுங்கள்.